நாயும் பூனையும் வாழும் மும்பை வீட்டில் எதை விரிப்பது?

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் அக்கா ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வீட்டில் பன்னிரண்டு வயதான லாப்ரடார் நாய் ஒன்றும், மழைநாளொன்றில் தாராவியில் கண்டெடுத்த பூனை ஒன்றும் உள்ளன. நாய்க்கு இடுப்புத் தளர்ந்துவிட்டது. விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் எழ முயலும்போதெல்லாம் பின்னங்கால்கள் வழுக்கி விரிகின்றன. தரையில் ஏதேனும் விரித்தே ஆகவேண்டும் என்பது கால்நடை மருத்துவர் சொன்னது. “விலங்கு இருக்கும் வீட்டுக்குச் செயற்கையிழைதான் சரி, கம்பளி நாறிப்போகும்” என்பது கடைக்காரர் சொன்னது. “தம்பி, நீ இழைகளைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய். கம்பளியா, சிந்தெட்டிக்கா? ஒரே சொல்லில் சொல்” என்றார். ஒரே சொல்லில் சொல்ல இயலவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இழை எது என்பது இரண்டாவது கேள்வி. ஒருவர் தனியாகத் தூக்கி, குளியலறையில் அலசி, மும்பை வீட்டின் சன்னலோரக் கொடியில் உலர்த்த முடியாத எந்த விரிப்பும் விலங்குள்ள வீட்டுக்கு ஆகாது. இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்ட பிறகு இழையைப் பற்றிப் பேசினால், கம்பளியே வெல்கிறது. ஆனால் அது கடைக்காரர் எடுத்துக் காட்டும் கம்பளி அன்று.

இந்தக் கேள்வி மும்பையில் எழுவதில் ஒரு வேடிக்கை உண்டு. இழைகளைப் பற்றிய அறிவு இந்தியாவில் திரண்ட நகரங்களுள் இது தலையாயது. மாட்டுங்காவில் மட்டும் மூன்று நிறுவனங்கள்: 1887இல் பைகுல்லாவில் தொடங்கிப் பின் 1923இல் இங்கே இடம்பெயர்ந்த வி.ஜே.டி.ஐ.; 1924இல் தோன்றிய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம்; 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய இன்றைய வேதித் தொழில்நுட்ப நிறுவனம். செயற்கையிழைக்கென ஒர்லியில் சஸ்மிரா. கம்பளிக்கெனத் தாணேயில் தனி ஆராய்ச்சிச் சங்கம். இத்தனை இருந்தும், வீட்டுக்கு விரிப்பு வாங்குபவருக்கு அறிவுரை கூறும் ஒரே நிபுணர் கடைக்காரராகவே இருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். இழைகளின் ஈர ஏற்பை அளக்க எங்கள் துறையில் வெப்பநாடுகளுக்கென ஒரு நியமச் சூழல் உண்டு: 27 பாகை வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம். அச்சூழலில் கம்பளி ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. பருத்தி சுமார் 8, நைலான் சுமார் 4, பாலியெஸ்டர் அரை விழுக்காட்டிற்கும் கீழே, பாலிப்ரோப்பிலீன் ஏறக்குறையச் சுழியம். இன்று மலிவாக விற்கும் விரிப்புகளில் பெரும்பகுதி பாலிப்ரோப்பிலீன். அதன்மேல் நாய் சிறுநீர் கழித்தால் இழை குடிப்பதில்லை. நிறமும் இழையை உருக்கி நூற்கும்போதே உள்ளே கலக்கப்படுவதால் சாயம் போவதில்லை. கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் துடைத்துக் காட்டினால், அந்தக் காட்சி உண்மையானதே.

காட்டப்படாதது அதன் அடிப்புறம். இழை குடிக்காத நீர் மாயமாய் மறைவதில்லை. இழைகளுக்கிடையே இறங்கி அடித்துணியை அடைகிறது. இயந்திரத்தில் குஞ்சம் குஞ்சமாகக் குத்தி நிறுத்தப்படும் விரிப்புகளில், அந்தக் குஞ்சங்கள் உதிராதிருக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்த லேடெக்ஸ் பசையைப் பூசி, அதன்கீழ் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். சிறுநீர் தங்குவது அங்கே. மேலே கை வைத்தால் உலர்ந்திருக்கும். கீழே, பசைக்கும் டைல்ஸுக்கும் நடுவில், ஈரம் நாள்கணக்கில் கிடக்கும். ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் ஆய்வகத்தின் 65ஐப் பின்னே தள்ளி 80ஐக் கடக்கும்போது அந்த ஈரம் எங்கே போகும்? பாலியெஸ்டரும் பாலிப்ரோப்பிலீனும் நீரை விலக்கினாலும் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைப்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயின் உடலில் இயல்பாகவே உள்ள எண்ணெய், அதில் ஒட்டிய தூசி, அதற்குரிய மணம் ஆகியவை அனைத்தும் அங்கே தங்கும்.

பூனையின் கதை தனி. அதன் சிறுநீரில் ஃபெலினைன் எனும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உண்டு. அது சிதையச் சிதையத்தான் அந்த மறக்கவியலாத நாற்றம் பிறக்கிறது. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளில் அது மிகுதி. விரிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பூனைக்குக் கருத்தடை செய்வது அதிகப் பயன் தரும் என்பதை இழை ஆய்வாளன் சொல்வது முறையா தெரியவில்லை. ஆயினும் உண்மை அதுவே.

செயற்கையிழைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம், “பிளீச்சிங் ஊற்றிக் கழுவலாம்” என்பது. சாயம் போகாது என்ற அளவில் சரி. ஆனால் சிறுநீரின் யூரியா பழகப் பழக அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவும் குளோரின் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் எனும் நச்சு வாயுக்கள் எழும். சன்னல் அடைத்த மழைக்கால அறையில் அதைச் சுவாசிப்பது முதலில் தரைக்கருகே மூக்கை வைத்திருக்கும் விலங்கு. அடுத்து, குனிந்து தேய்ப்பவர்.

இனி கம்பளியின் குறைகள். ‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் நண்பர்கள் இப்பகுதியைக் கண் திறந்து வாசிக்கவேண்டும்.

கம்பளி ஒரு புரதம். நம் முடியும் நகமும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின். காரம் அதற்குப் பகை. புதிய சிறுநீர் பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை கொண்டது. கவனிக்காமல் விட்டால் காரமாகிறது. கம்பளிக்கு ஏற்றப்படும் சாயங்களிற் பல அமிலச் சாயங்கள். ஆகவே காரம் ஏறிய இடத்தில் சாயம் கசியும் அல்லது வெளுக்கும். கறை நீக்கப் பயன்படுத்தும் குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தேவிடும். விலங்குக் கறைக்கென விற்கப்படும் நொதிக் கரைசல்களில் பல, புரதத்தைச் சிதைக்கும் நொதியைக் கொண்டவை. கறையிலுள்ள புரதத்துக்கும் விரிப்பிலுள்ள புரதத்துக்கும் அந்த நொதி வேறுபாடு காண்பதில்லை.

அடுத்தது அந்துப்பூச்சி. கெரட்டினைச் செரிக்கும் வல்லமை பெற்ற மிகச் சில உயிரினங்களுள் அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் அடங்கும். தூய கம்பளியைவிட வியர்வையும் உணவும் சிறுநீரும் படிந்த கம்பளியையே அப்புழுக்கள் விரும்புகின்றன. அதாவது, விலங்குள்ள வீட்டின் கம்பளி அவற்றுக்குச் சமைத்து வைத்த விருந்து. இருட்டும் அசைவின்மையும் கூடினால் போதும். கட்டிலுக்கடியில் ஆறு மாதம் கிடந்த கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளில் இதற்கு வழிவழியாக வரும் மருந்து அந்துருண்டை. இங்கேதான் நான் இந்தப் பதிவை எழுதத் துணிந்ததன் உண்மையான காரணம் இருக்கிறது. அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன். அது நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனை அதற்கு இன்னும் எளிதில் ஆட்படும். காரணம் பூனையின் கல்லீரல். தாவர உணவைத் தொடாத மூதாதையரின் வழிவந்த அவ்விலங்குக்கு, பல வேதிப்பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைத்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. நாம் தாங்குவதை, நாய் தாங்குவதைக்கூட, அது தாங்காது. மும்பை வீடுகளில் நாள்தோறும் தரையைத் துடைக்கும் ஃபினைல் பூனைக்கு ஆகாததும் இதனாலேயே. நாஃப்தலீனுக்கு மாற்றாகக் கற்பூரம் வைப்பவர்கள் உண்டு. கற்பூரமும் விலங்குகளுக்கு நஞ்சே.

ஏற்றுமதித் தரக் கம்பளி விரிப்புகளில் அந்தைத் தடுக்கப் பெர்மெத்ரின் ஏற்றுவது உலகெங்கும் பரவலான வழக்கம். இழையில் நிலைப்படுத்தப்பட்ட அந்தச் சிறு அளவினால் பூனை மடிந்துவிடும் என்று அச்சுறுத்த நான் வரவில்லை. ஆனால் அதே பெர்மெத்ரின், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் போக நாயின் முதுகில் இடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் செறிவாக உள்ளது. அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லக்கூடியது. மருந்து காயுமுன் நாய் விரிப்பில் புரள்கிறது. பிறகு பூனை அதே இடத்தில் படுத்துத் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்கிறது. இரண்டும் வாழும் வீட்டில் விரிப்பு என்பது ஒன்றின் மருந்தை மற்றொன்றின் வாய்க்குக் கொண்டுசேர்க்கும் பாதை. கம்பளியானாலும் செயற்கையிழையானாலும் இது பொருந்தும். சொட்டு மருந்து வாங்கும்போது உறையிலுள்ள பெயரை வாசியுங்கள். மருத்துவரிடம் வீட்டில் பூனையும் உண்டு என்று சொல்லுங்கள்.

தெள்ளுப்பூச்சியைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அதன் முட்டைகள் விலங்கின் உடலிலிருந்து உதிர்ந்து விரிப்பினுள் விழுகின்றன. புழுக்கள் ஒளியை வெறுத்து இழைகளின் அடிவேர்வரை இறங்குகின்றன. வறண்ட காற்றில் மாண்டுபோகும், ஈரக் காற்றில் செழிக்கும். மும்பையைவிட நல்ல இருப்பிடம் அவற்றுக்கு வேறென்ன? ஆகவே உயர்ந்தெழும் அடர்ந்த இழைப்பரப்பு எந்தப் பொருளால் ஆயினும் தவறு. கண்ணி கண்ணியாக நிற்கும் பரப்பில் பூனையின் நகம் சிக்கும். ஒரு கண்ணி இழுபட்டால் வரிசை முழுதும் பிரியும். தட்டையான நெசவே வேண்டும்.

‘கறை ஒட்டாது’ என்று விற்கப்படும் விரிப்புகளின்மேல் பூசப்படும் ஃபுளோரின் சேர்மங்களின் வரலாற்றையும் மறக்கலாகாது. அவற்றுள் முதன்மையான ஒன்றின் உற்பத்தியை நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. இயற்கையில் சிதையாமல் உடலில் சேர்வது அதன் குற்றம். அமெரிக்காவின் ஹோம் டிப்போ அத்தகைய பூச்சுள்ள விரிப்புகளை விற்பதை 2019 இறுதியோடு கைவிட்டது. நாள் முழுதும் தரையில் படுத்து உடலை நக்கும் ஓர் உயிருக்கு, வீட்டுத்தூசி என்பது உணவின் ஒரு பகுதி. கடையில் ‘பூச்சு உண்டா’ என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லையென்றால் அதுவே பதில்.

ஒரு விரிப்பு சில ஆண்டுகளில் நாறிச் சலித்து வெளியே போகிறது. எங்கே போகிறது? தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் மக்கள் வளைத்துப் பார்த்தும், முனையைச் சுட்டு மணம் பார்த்தும் இது எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். வாளி, நாற்காலி, மருந்துப்புட்டி எல்லாம் அங்கே மறுபிறவி எடுக்கின்றன. பாலிப்ரோப்பிலீன் வாளிக்கு அங்கே விலை உண்டு. அதே பாலிப்ரோப்பிலீன் லேடெக்ஸிலும் சுண்ணாம்பிலும் ஒட்டி, சிறுநீரில் ஊறிய விரிப்பாக வந்தால், அதைப் பிரித்தெடுப்பது பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகாத வேலை. எஞ்சுவது குப்பைமேடு. செம்பூர்வாசிகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1927 முதல் இந்நகரின் கழிவைச் சுமக்கும் தேவனார் நமக்கு அண்டை. 2016 ஜனவரியில் அது நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையை நாம்தான் சுவாசித்தோம். செயற்கையிழையின் மூலப்பொருளான கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் மாகுல் ஆலைகளும் நம் பக்கத்திலேயே. தொடக்கமும் முடிவும் ஒரே பேட்டையில் தெரிவது செம்பூருக்கு வாய்த்த பேறு!

சரி, எந்தக் கம்பளி? நியூசிலாந்து இழையில் நெய்து சாயமேற்றிய தடித்த கம்பளத்தை நான் பரிந்துரைக்கவில்லை. நான் சொல்வது கோங்கடி. மகாராட்டிரத்தின் சோலாப்பூர், சாங்லி, சாத்தாரா போன்ற மாவட்டங்களில் தங்கர் இடையர்கள் மேய்க்கும் தக்காணி ஆட்டின் கரிய, முரட்டு மயிரில் கைத்தறியில் நெய்வது. மழையிலும் குளிரிலும் இடையர்கள் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்பது. தமிழ்நாட்டில் குறும்பர்கள் நெய்த கருங்கம்பளியின் உடன்பிறப்பு. எங்கள் பாட்டி வீட்டில் நோன்புக்கு உட்கார விரித்ததும் அத்தகையதே. சாயம் ஏற்றப்படாத இயல்பான கறுப்பு என்பதால் அதில் கசியச் சாயம் இல்லை. தட்டை நெசவு என்பதால் தெள்ளுப்புழு ஒளிய ஆழம் இல்லை. பசை இல்லை, அடித்துணி இல்லை, இருபுறமும் ஒன்றே. தீபாவளி அகல் கவிழ்ந்தாலும் கம்பளி கருகி அணையும் தன்மை உடையது. பாலிப்ரோப்பிலீன் 165 பாகை அளவிலேயே உருகித் தோலில் ஒட்டும். விமானங்களின் விரிப்புகளில் கம்பளிக்கு நீண்டகாலமாக இடம் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள்.

மெரினோவைத் தொட்டுப் பழகியவர்களுக்கு அது கையில் குத்தும். குத்தட்டும். வழுக்கும் முதிய நாயின் பாதத்துக்கு அந்த முரட்டுத்தனமே பிடிமானம். இந்தியக் கம்பளியில் மிகுதி இத்தகைய முரட்டு வகையே. ஆயினும் தக்காண இடையர்கள் ஆண்டுக்கு இருமுறை கத்தரிக்கும் மயிருக்கு வாங்குவாரில்லாமல், பல இடங்களில் அது வீணே எறியப்படுகிறது. மறுபக்கம், கம்பளியை நாம் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். சோலாப்பூருக்கும் செம்பூருக்கும் இடையே ஒரே இரவு ரயில் பயணம்!

கோங்கடியைத் துவைப்பது கடினமன்று, பொறுமை வேண்டும். சிறுநீர் பட்டவுடன் பழந்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கக்கூடாது. சிறிது வினிகர் கலந்த குளிர்ந்த நீர் அம்மோனியாவை அடக்கும். பிறகு பூந்திக்கொட்டை நீர் அல்லது காரமற்ற மென்சோப்பு. வெந்நீரும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். வாரம் ஒருமுறை உதறி, வெயில் கிடைக்கும் நாளில் இருபுறமும் காயவைத்துத் தட்டினால் அந்து முட்டையும் புழுவும் உதிரும். அந்துருண்டைக்கு மாற்று அதுவே. வேப்பிலை வைப்பவர்கள் வைக்கலாம். வெயிலின் வேலையை அது செய்யுமென்று நம்பவேண்டாம்.

அடிக்கடி கட்டுப்பாடின்றிச் சிறுநீர் கழிக்கும் முதிய விலங்குக்குக் கம்பளியும் வேண்டாம். பருத்தி ஜமக்காளம் போதும். அதை வெந்நீரில் அலசலாம், அடித்துத் துவைக்கலாம், அந்து தின்னாது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் பெயரளவில் எல்லாருக்கும் தெரியும். அதன் பெயரில் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு விற்பதும் துறையினர் அறிந்ததே. (ஒரே சோலாப்பூர், ஒருபுறம் நான் புகழும் கம்பளி, மறுபுறம் நான் குறைசொல்லும் ஜமக்காளம், ஊரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.) வாங்கும்போது ஓரத்து நூலொன்றை உருவிச் சுட்டுப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். செயற்கையிழை உருகிக் கெட்டி மணியாகும். கம்பளி முடி பொசுங்கும் நாற்றம் தரும். தாராவியில் செய்வதும் இதைத்தான்.

எந்த விரிப்பானாலும், டைல்ஸ் மேல் அப்படியே போட்டால் விரிப்போடு சேர்ந்து நாயும் வழுக்கும். அடியில் துளைகளுள்ள ரப்பர் வலை ஒன்றை இடவேண்டும்.

கடைசியாக, கடைகளிலும் விளம்பரங்களிலும் எழாத ஒரு வினா: துவைப்பவர் யார்? ‘எளிதில் சுத்தம் செய்யலாம்’ என்ற வாசகத்தில் எழுவாய் இல்லை. மும்பை நடுத்தர வீடுகளில் அந்த எழுவாய் பெரும்பாலும் தாராவியிலிருந்தோ கோவண்டியிலிருந்தோ காலையில் வந்து நான்கு வீட்டு வேலையை முடிக்கும் ஒரு பெண். எட்டடிக்குப் பத்தடி விரிப்பு நனைந்தால் அதை அவரால் தூக்க முடியுமா? அவர் முதுகுக்கு யார் பொறுப்பு? கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகவே தோன்றாமல் ஏற்றுக்கொள்ளும். முழுதும் நனைந்தால் சுமை இன்னும் பெரிது. ஆகவே அக்காவுக்கு நான் சொன்னது: கூடம் முழுதும் மூடும் ஒரே விரிப்பு வேண்டாம். நாய் படுக்கும் இடம், எழும் இடம், தண்ணீர்க் கிண்ணத்துக்குச் செல்லும் வழி ஆகிய மூன்றுக்கும் ஆள் படுக்கும் அளவில் மூன்று துண்டுகள். மாற்றிப் போட இன்னும் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு துண்டு எப்போதும் மின்விசிறிக்கு அடியில் உலர்ந்துகொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அதைத் துவைப்பவருக்குத் தனி ஊதியம் பேசிக்கொள்ளவேண்டும். ‘கூடவே இதையும்’ என்று ஒட்டிவிடக்கூடாது.

கருத்து வேறுபாடுடையோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கோங்கடி நெய்வோரை நேரில் அறிந்தவர்கள் இருந்தால், அவர்களிடம் எவ்வாறு வாங்குவது என்பதையும் தெரிவியுங்கள். ஐந்து துண்டுகளுக்கு இப்போதே தேவை இருக்கிறது.